அரக்கனின் கைகளைக் கவனியுங்கள்: ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு

கறுப்பு வெள்ளைக் காலத்து அரக்கப் படம் எதையும் இதுவரை பார்த்திராதவர்கள், ஜேம்ஸ் வேல் இயக்கி 1931 நவம்பரில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்திலிருந்து தொடங்கலாம். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிராத நேரம் அது. படம் ஏறத்தாழ 70 நிமிடங்களே ஓடும். பிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயரன்று, அவனை உருவாக்கியவனின் பெயர் என்பதை மட்டும் முன்னரே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காட்சிகளுக்குப் பின்னணி இசை அநேகமாக இல்லை. காலடியும் கதவும் இடியுமே அச்சத்தை உண்டாக்குகின்றன. திருவையாற்றில் எங்கள் வீட்டை ஒட்டிய வயலில் குறுவைக்குப் பம்புசெட் ஓடும் நாட்களில் நான் இந்தப் படத்தைப் போடுவதேயில்லை.

அடுத்து, தொடக்கத் தலைப்புகளைத் தள்ளிவிடாதீர்கள். அரக்கனாக நடித்தவரின் பெயருக்குப் பதிலாக அங்கே ஒரு கேள்விக்குறி மட்டுமே இருக்கும். போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் இறுதியில்தான் வரும். வானம் திரைச்சீலையில் தீட்டியது என்று தெரிவதும், சிலருடைய நடிப்பு மேடை நாடகத்தைப் போலிருப்பதும் இன்றைய கண்ணுக்கு உறுத்தும். பத்து நிமிடங்களில் பழகிவிடும்.

அரக்கன் முதன்முதலாக வரும் இடத்திற்கு வந்ததும் பொறுமையாகப் பாருங்கள். முதுகைக் காட்டியபடி கதவு வழியே நுழைந்து மெல்லத் திரும்புகிறான். ஜாக் பியர்ஸ் ஒப்பனை செய்த அந்த முகத்தைக் கேமரா அடுத்தடுத்து நெருங்கிக் காட்டுவதால் எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். நீங்கள் கைகளைப் பாருங்கள். கூரைச் சாளரம் திறந்து வெளிச்சம் விழும்போது, அதைப் பிடித்துவிட முடியும் என்பதைப் போல இரு கைகளையும் உயர்த்துகிறான். சாளரம் மூடப்பட்டதும் அதே கைகள் கெஞ்சுகின்றன. சற்று நேரத்தில் உதவியாளன் தீப்பந்தத்தோடு வந்துவிடுகிறான்.

அவனுக்குப் பொருத்தப்பட்டது குற்றவாளியின் மூளை என்று கதை காரணம் சொல்கிறது. அந்தக் காரணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவனருகில் வருபவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்: தீப்பந்தம், சவுக்கு, மயக்க ஊசி. பூவைக் கொண்டுவருவது ஒரே ஒரு சிறுமிதான்.

ஏரிக்கரைக் காட்சிக்கு முன், உங்களிடம் உள்ளது முழுமையான பிரதியா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். சிறுமி பூக்களை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட, அவனும் பூரித்துப்போய் மிதக்கவிடுகிறான். கையில் பூ தீர்ந்ததும் அவளைத் தூக்கி நீரில் போடுகிறான். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில், தட்டிலிருந்த பூவெல்லாம் ஆற்றோடு போனபின் எங்கள் வீட்டுக் குழந்தை வெறும் தட்டையும் தண்ணீரில் விட்டதைப் பார்த்திருப்பதால், அவன் மனத்தில் அப்போது கொலை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தணிக்கையில் வெட்டப்பட்ட இந்தப் பகுதி 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டிய பிரதியில் அவன் கைகள் சிறுமியை நோக்கி நீள்வதோடு காட்சி முடிந்துவிடும்; அதன்பின் அவளுடைய உடலைத் தந்தை ஏந்திவருவதைப் பார்ப்பவர்கள், நடந்ததைவிடக் கொடியதை எண்ணிக்கொள்வார்கள்.

படம் முடிந்ததும் இந்த இரண்டு காட்சிகளை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு மறுபடியும் போடுங்கள். வெளிச்சத்திற்காக உயர்ந்த கைகளையும், பூவுக்காக நீண்ட கைகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.