ஆறாவதுதானே என்று நினைத்து நாம் செய்கிற தவறுகள்

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், என்னிடம் டியூஷன் படிக்க வரும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் பையைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனேன். தூக்க முடியவில்லை. எல்லாப் பாடத்தின் புத்தகமும், எல்லா நோட்டும், அப்புறம் ஒரு அட்லஸும் உள்ளே இருந்தன. "ஏண்டா இவ்ளோ?" என்றேன். "எந்த மிஸ் எப்ப வருவாங்கன்னே தெரியலக்கா. அதான் எல்லாத்தையும் எடுத்துனு போறேன்."

டைம் டேபிள் அவனிடம் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தான். அதைப் பார்த்துத்தான் பையை அடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது வரை பையை அடுக்கியது அவன் அம்மா.

தண்டையார்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் சாயங்காலமானால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் என்று எல்லாம் கலந்திருக்கும். பத்தாவது பிள்ளையின் பெற்றோர் ஜூனிலேயே பதறிப்போய் வருவார்கள். ஆறாவது பிள்ளையின் பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதியைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. பிள்ளை தானே செய்துகொள்ள வேண்டியதை நாம் செய்து கொடுக்கிறோம். நாம் கவனிக்க வேண்டியதைக் கோட்டை விடுகிறோம்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவது

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். பிள்ளைக்கு வயிறு வலி என்றால்கூட அவருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார். கணக்கு சார் எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுத்தார் என்பது சமூக அறிவியல் மிஸ்ஸுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் திட்டமிட வேண்டிய ஆள் அந்தப் பதினோரு வயதுப் பிள்ளைதான். இந்த வருடத்தின் பெரிய பாடமே இதுதான் என்பேன், எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஒரு சின்ன டைரி போதும். யார் என்ன கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும். ராத்திரி சாப்பிட்டதும் மறுநாள் டைம் டேபிளைப் பார்த்துப் பிள்ளையே பையை அடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கை வைக்காதீர்கள். ஒருநாள் கணக்கு நோட்டு வீட்டிலேயே தங்கிவிடும். தங்கட்டும். சவாரியை விட்டுவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து பள்ளி கேட்டில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அன்பு புரிகிறது. ஆனால் இரண்டு முறை திட்டு வாங்கிய பிள்ளை மூன்றாவது முறை மறப்பதில்லை.

காலைச் சாப்பாடு

இதைப் பல வீடுகளில் யோசிப்பதே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியபோதே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் தொடங்கியது. நேற்று வரை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை, ஆறாவதில் கால் வைத்ததும் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். அதிகாலையிலேயே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. "மூணாவது பீரியட்ல தூங்குறான்" என்று புகார் வந்தால், படிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள். முந்தின நாள் சோறும் தயிரும் போதும்.

"எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானேக்கா"

இந்த வாக்கியத்தைக் கேட்காத வருடம் எனக்கு இல்லை. உண்மைதான், தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பதினோரு வயதில் பிள்ளையை ஃபெயிலாக்கி உட்கார வைப்பதால் ஒரு லாபமும் கிடையாது, எனவே அந்த விதி நல்லது என்பதே என் கட்சி. ஆனால் பாஸ் ஆவதும் பாடம் தெரிவதும் ஒன்றல்ல. ஓட்டை எங்கே இருக்கிறது என்று மார்க் ஷீட் சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

ஆறாம் வகுப்புக் கணக்கின் முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் விகிதமும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பருவத்தில் மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொதுக் காரணி. மூன்றாம் பருவத்தில் பின்னங்கள், முழுக்கள். எல்லாமே வாய்ப்பாட்டின் மேல் நிற்கிற சமாசாரம். போன வருடம் ஒரு பெண்ணிடம் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். தப்பு என்று சொல்லவில்லை.

"அரை தோசை தட்டுல இருக்கு. இன்னும் ஒரு துண்டு வைக்கிறேன். இப்ப அரையை விடக் கூடவா, குறைச்சலா?"

"கூட."

"ஐந்தில் ரெண்டு?"

விரல் விட்டுப் பார்த்தாள். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. "அய்ய... குறைஞ்சு போச்சேக்கா!" என்று அவளே அடித்துவிட்டாள். பகுதியைச் சமமாக்கும் முறை அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எதற்காகச் சமமாக்குகிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த மாதிரி ஓட்டையை அடைக்க ஒரு மாதம் போதும். எட்டாவதில் கண்டுபிடித்தால் ஒரு வருடம் போதாது.

அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டிலிருந்து ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'திறன்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை வராத பிள்ளைகளைக் கண்டறிந்து தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "மக்குப் பசங்களோட சேத்துட்டாங்க" என்று ஒரு அம்மா என்னிடம் அழுதார். பிள்ளை அழவில்லை. அம்மா அழுததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு அவமானமாகிவிட்டது. அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீச்சரிடம் போய் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கேளுங்கள். 'எப்படிப் படிக்கிறான்' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும்.

கணக்குப் போடாமல் பள்ளியை மாற்றுவது

ஆறாவதில் பள்ளியை மாற்றுவது இங்கே வழக்கம். மாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் கணக்கு. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் அதே ஆறாவதுதான் தொடக்கம். இடையில் இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டு, ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்பி வருபவர்கள் இதைப் பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். 'இங்கிலீஷுக்காக மாத்துறோம்' என்பவர்கள், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் ஒரு எட்டு போய் விசாரிக்கலாம்.

மழையை மறப்பது

இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையும் அதே மூன்று மாதம். லீவு விட்டதாக டி.வி.யில் ஓடியதும் தெருவே கூச்சல் போடும், விட்டுப்போன பாடம் மட்டும் அப்படியே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அதனால் இரண்டாம் பருவப் பாடத்தை அக்டோபரிலேயே கொஞ்சம் முன்கூட்டி ஓட்டிவிடுவது என் வழக்கம். இன்னொன்று: செப்டம்பர் முடிவதற்குள் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பரணில் வையுங்கள். முதல் பருவப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள், ஏழாவதில் இயற்கணிதம் மறுபடி வரும்.

பெண் பிள்ளைகளிடம் பேசாமல் இருப்பது

ஆறாவது படிக்கும்போதே வயதுக்கு வரும் பெண்கள் நிறைய. பள்ளிக் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்து, ஏதோ நோய் என்று பயந்து அழும் நிலைக்குப் பிள்ளையை விடாதீர்கள். ஜூனிலேயே சொல்லிவிடுங்கள், பையில் ஒரு நாப்கின் போட்டு வையுங்கள். சடங்கு செய்வது உங்கள் விருப்பம். பேனர் வைப்பதும் உங்கள் செலவு. அதற்காகப் பிள்ளையைப் பதினைந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் உட்கார வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

விளையாட்டை நிறுத்துவது, அல்லது விளையாட்டையும் டியூஷன் ஆக்குவது

"ஆறாவது வந்துட்டான், இனிமே கேரம் போர்டு பக்கம் போகக் கூடாது" என்பார்கள். நம் ஏரியாவில் இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுநர். வியாசர்பாடியில் கால்பந்து இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். காலையில் கராத்தே, சாயங்காலம் அபாகஸ், ஞாயிற்றுக்கிழமை கேரம் கோச்சிங், "எப்ப மெடல் வாங்குவே?" என்று தினமும் விசாரணை. பிள்ளை ஆசையாகச் செய்த ஒரே காரியத்தையும் பாடமாக்கிவிட்டால் அவனுக்கு மிச்சம் இருப்பது போன் மட்டும்தான். பிறகு போனையே நோண்டுகிறான் என்று அதற்கும் திட்டுவோம்.

அந்த மூட்டை தூக்கும் பையன் ஒரு கேரம் பைத்தியம். ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து தன் காய் ஒன்றை ஃபாலோ போட முடியாமல் போனால் அன்றைக்கு முகமே சரியிருக்காது. கோணங்கள் பாடத்தில் பாகைமானியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு முழித்தவனிடம், காய் சுவரில் பட்டுத் திரும்பும் கோணத்தைக் காகிதத்தில் வரையச் சொன்னேன். ஒரு கோடு பிசகாமல் வரைந்தான். அப்புறம் பாகைமானியை நேராக வைத்து அளந்தோம். போன கோணமும் வந்த கோணமும் கிட்டத்தட்ட ஒன்று. "இதுக்குத்தான் இதுவாக்கா?" என்றான். ஐந்து மணி முதல் ஆறு வரை கிளப், ஆறேகாலுக்கு என் வீடு என்று அவன் அம்மாவிடம் பேசி முடித்திருக்கிறோம். ஆறேகால் என்றால் ஆறரைக்குத்தான் வருவான். அட்லஸ் இப்போது சமூக அறிவியல் இருக்கும் நாளில் மட்டும் வருகிறது. ஜாமெட்ரி பாக்ஸில் பாகைமானிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர் கிடக்கிறது. எடுத்து வைடா என்று இதுவரை நான் சொல்லவில்லை.