கட்டைவிரலை நம்பி அச்சுக்குப் போகாதீர்கள்

போன வாரம் பினாங்கு லெபோ பாசாரில் ஒரு தம்பியோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக டிசைன் வேலை எடுக்கத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. "மெல்பர்ன் கஸ்டமர் லோகோவை ஓகே பண்ணிட்டாரு அண்ணே" என்று போனை நீட்டினான். பார்த்தால், வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கட்டைவிரல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பணம் வாங்கு, பேக்கப் எடு என்பதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அதை விடுகிறேன். தூரத்துக் கஸ்டமரோடு வேலை செய்யும்போது நாம் செய்கிற சில தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கட்டைவிரலை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணக் கார்டு. மாப்பிள்ளை லண்டனில், பெண் கிள்ளானில், மாப்பிள்ளையின் பாட்டி பட்டர்வொர்த்தில், எல்லோரையும் சேர்த்து பதினொரு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு. அவர்கள் தந்த வாசகத்தில் 'காலஞ்சென்ற' என்பது தாத்தா பெயருக்கு மட்டும்தான் முன்னால் இருந்தது. நான் என்ன செய்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்தச் சொல்லைத் தனி வரியாக நடுவில் வைத்து, கீழே தாத்தா பெயரையும் பாட்டி பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டேன். அதையும் பிடிஎஃப் ஆக அனுப்பாமல் சாதாரணப் படமாகக் குழுவில் போட்டேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பொடி எழுத்து மங்கிவிடும். மூன்று கட்டைவிரல் வந்தது, அதில் ஒன்று மாப்பிள்ளையுடையது. சரி என்று அச்சகத்துக்கு அனுப்பினேன். 600 கார்டு, கோல்ட் ஃபாயில், 2,700 வெள்ளி (ரிங்கிட்).

சாமி படத்துக்கு முன் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததைப் பாட்டி கையில் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். "என்னையும் சேர்த்து அனுப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாராம்.

மாப்பிள்ளை சொன்னதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. "பார்த்துட்டேன்னு போட்டேன், அடிக்கச் சொல்லலையே." அவர் சொன்னது தப்பே இல்லை, அதனால்தான் எரிச்சல். மறு அச்சுக்கான காசு என் பையிலிருந்து போனது.

எதிரில் உட்கார்ந்திருந்தால் அவர் கார்டைத் திருப்பிப் பார்த்திருப்பார், அம்மாவைக் கூப்பிட்டிருப்பார், முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்திருக்கும். எட்டு மணி நேரம் தள்ளி, ரயிலில் நின்றுகொண்டு போனைத் தடவுகிறவரிடம் அதை எங்கே பார்ப்பது? அதனால் இப்போது குடும்பத்தில் ஒரே ஒருவரிடம்தான் ஒப்புதல் கேட்கிறேன், அதுவும் மின்னஞ்சலில்: "மூன்றாம் வடிவம், முழுவதும் படித்தேன், அச்சடிக்கலாம்" என்று அவரே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

தம்பியை அங்கேயே மெல்பர்னுக்கு எழுதிக் கேட்க வைத்தேன். தே தாரிக் ஆறுவதற்குள் பதில் வந்தது, அவர் மனைவி இன்னும் பார்க்கவில்லையாம்.

"ஐநூறு வெள்ளி" என்று விலை சொல்வது

நாம் ரிங்கிட்டை வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர்க்காரரும் தன் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார். எந்த வெள்ளி என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

லண்டன் நேரத்தை மனப்பாடம் செய்வது

மலேசியாவுக்கும் லண்டனுக்கும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 7 மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் 8. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை, அவர்கள் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள்.

குரல் பதிவில் வரும் திருத்தங்கள்

கேட்டு, எழுதி, இதுதானே என்று கஸ்டமருக்கே திருப்பி அனுப்புங்கள்.

உரிமை யாருக்கு என்று பேசாமல் விடுவது

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்யவைத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போகும். பிரிட்டனின் 1988 சட்டத்தில் தலைகீழ், ஃப்ரீலான்சர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். ஆக, லண்டன் கஸ்டமரும் நீங்களும் ஆளுக்கொரு சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே லோகோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். விலை சொல்லும் மின்னஞ்சலிலேயே, எந்த நாட்டுச் சட்டம், முழுப் பணம் வந்த பிறகு உரிமை யாருக்கு என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.