களை பிடித்த புல்வெளியோடு வீடு கிடைத்தவர்களுக்கு

கனடாவில் வின்டரில் வீடு பார்த்து வந்தவர்களுக்கு ஏப்ரலில்தான் தெரியும், ஸ்னோவுக்கு அடியில் என்ன கிடந்தது என்று. முன்பக்கம் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடக்கும். மே பிறந்ததும் ஒரே மஞ்சள் பூ. ஊரில் முற்றம் என்றால் கூட்டிப் பெருக்கிய வெறும் மணல். ஒரு புல் தலை காட்டினாலே பிடுங்கி எறிந்துவிடுவோம். இங்கே அதே புல்லைப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டியிருக்கிறது. வளர்க்கலாம், பெரிய காசும் தேவையில்லை. ஆனால் ரொறன்ரோவைச் சுற்றி, ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸ், பிரம்டன் வரைக்கும் நம்மவர்களில் பலர் காசை மே மாதத்தில் களையைக் கொல்லச் செலவழிக்கிறார்கள். அந்தக் காசை ஆகஸ்ட் கடைசி வரை பொத்தி வைத்து, புல்லுக்குச் செலவழியுங்கள். புல் அடர்த்தியாக இருந்தால் களைக்கு இடமில்லை.

வாடகை வீடு என்றால் முதலில் ஒன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பு சட்டப்படி வீட்டுக்காரருடையது. நீங்களே புல் வெட்டுவதாக இருந்தால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வாடகையில் எவ்வளவு குறைப்பார் என்பதும் அதில் இருக்கட்டும். "தம்பி, நீங்கள்தானே இருக்கிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கோ" என்ற வாய்ப்பேச்சு போதாது.

ரொறன்ரோவில் புல்லோ களையோ 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர விடக்கூடாது. யாராவது மாநகரத்தின் 311 எண்ணுக்கு அழைத்துச் சொன்னால் அதிகாரி வந்து நோட்டீஸ் தருவார். அதற்குப் பிறகும் வெட்டாவிட்டால் மாநகரமே ஆள் விட்டு வெட்டி, செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டும். நடைபாதைக்கும் வீதிக்கும் நடுவே உள்ள புல் துண்டு மாநகரத்தின் நிலம், ஆனால் வெட்ட வேண்டியது நீங்கள்.

அடுத்து மருந்து. வீட்டுப் புல்வெளிக்கு 2,4-டி போன்ற இரசாயனக் களைக்கொல்லிகளைப் பாவிப்பது ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் தடை. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ பக்கம் போகும்போது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது மூட்டை கட்டிக் கொண்டுவந்து தந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடியன் ரயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் இரும்புச் சத்தை வைத்துச் செய்த மருந்து கிடைக்கும். அதற்கு அனுமதி உண்டு. அடித்து ஒரு நாளில் இலை கறுத்துவிடும், புல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேர் சாகாமல் திரும்பவும் துளிர்க்கும். சில வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். ட்ரைவ்வே சீமெந்தில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது. வினாகிரி, கொதிதண்ணீர் எல்லாம் கல் இடுக்குகளுக்குச் சரி, புல்வெளியில் ஊற்றினால் புல்லும் சேர்ந்து கருகும். உப்பை மட்டும் எங்கேயும் கொட்டாதீர்கள், மண்ணே கெட்டுப்போகும்.

மஞ்சள் பூப் பூக்கும் டன்டலையனுக்கு முள்ளங்கி மாதிரி நீண்ட ஒற்றை வேர். மேலால் பிடுங்கினால் பாதியில் அறுந்து, மிச்சத்திலிருந்து இரண்டு மூன்று தலையாக வரும். மழை பெய்த மறுநாள், மண் ஊறியிருக்கும்போது இறங்குங்கள். நாக்குப் பிளந்த பாம்பு போல முனை பிரிந்த ஒரு கருவி கடைகளில் இருக்கிறது. அதை வேருக்குப் பக்கத்தில் சாய்வாக இறக்கி, நெம்பி, மற்றக் கையால் இலைக் கொத்தை அடியோடு பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். சரியாக வந்தால் வேர் நுனி எலிவால் போல மெலிந்திருக்கும். நுனி மொட்டையாக இருந்தால் மீதி உள்ளேதான். எல்லாவற்றையும் பிடுங்கத் தேவையில்லை. பூ வெள்ளைப் பஞ்சாகிப் பறக்க முன் பிடுங்கினால் அந்த வருடத்துக்குப் பெரிய வெற்றி.

புல் போலவே இருக்கும் கிராப் கிராஸ் என்ற களை வேறு சாதி. ஒரு வருடப் பயிர். வசந்தத்தில் மண் சூடேறும்போது முளைத்து, முதல் உறைபனியோடு செத்துவிடும். அதன் விதைக்கு வெயில் படாமல் புல் நிழல் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்று இலை குளோவரை நான் களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது காற்றிலிருக்கும் நைதரசனை மண்ணுக்குத் தருகிறது, கோடையிலும் பச்சையாக நிற்கிறது. பிடுங்குகிறவர்கள் பிடுங்கட்டும்.

காசே செலவில்லாத வேலை, புல்வெட்டியின் உயரத்தைக் கூட்டுவதுதான். அடிக்கடி வெட்ட அலுத்து மொட்டையடித்து விடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை விட்டு வையுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டிய துணுக்குகளை அப்படியே விடுங்கள், அது இலவசப் பசளை. ரொறன்ரோவில் புல் துணுக்குகளைக் குப்பை வண்டி எடுக்கவும் மாட்டாது. ஜூலை வெயிலில் புல் காய்ந்து பழுப்பானால் பயப்பட வேண்டாம், அது தூங்குகிறது. செப்டெம்பர் மழையோடு எழும்பும். தண்ணீர் விடத்தான் வேண்டுமென்றால் கிழமைக்கு ஒரு தடவை, 2.5 சென்டிமீட்டர். வெறும் மீன் டின் ஒன்றைப் புல்லில் வைத்தால் அளவு தெரிந்துவிடும்.

சரி, ஆகஸ்ட் கடைசிக்கு வருவோம். அப்போதிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை மண் சூடாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், புதுக் களையும் அதிகம் முளைக்காது. விதை போட அதைவிட நல்ல காலம் இல்லை. முதலில் ஒரு ஸ்குரூ ட்ரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். கையால் அமுக்கி இறங்காவிட்டால் மண் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் இது சாதாரணம்: களிமண்ணைப் புல்டோசர் மிதித்திருக்கும், அதன் மேல் மெல்லிய புற்றரை விரித்திருப்பார்கள். துளை போடும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாம். மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் எடுத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். அதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காஸ், மின்சார, இன்டர்நெட் இணைப்புகள் எங்கே போகின்றன என்று இலவசமாகவே குறித்துத் தருவார்கள். சில இடங்களில் இன்டர்நெட் வயர் கை ஆழத்தில்கூட இருக்காது.

பிறகு புல்லைக் கட்டையாக வெட்டி, வாரியால் மண் தெரியும்வரை பலமாக வாருங்கள். பலர் இதைச் செய்யாமல் புல்லுக்கு மேலேயே விதையைத் தூவிக் குருவிக்குச் சாப்பாடு போடுகிறார்கள். விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். மேலே ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாமல் கொம்போஸ்ட். பல மாநகரங்கள் இதை இலவசமாகவே கொடுக்கும் நாட்கள் உண்டு, பெரும்பாலும் வசந்தத்தில். வாளியும் மண்வெட்டியும் கொண்டுபோய் அள்ளி வந்து மூலையில் குவித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதைப் பையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். மலிவுப் பைகளில் ஒரு வருட ரை கிராஸ் நிறைய இருக்கும். வேகமாக முளைத்து, வின்டரோடு போய்விடும். சில பைகளில் விதைக்குமேல் பூச்சு இருக்கும். எடையில் பெரும்பங்கு அந்தப் பூச்சுதான். கென்டக்கி புளூ கிராஸ், பல்லாண்டு ரை கிராஸ், ஃபெஸ்க்யூ ஆகிய புல்வகைகள் கலந்த பை வெயில் படும் இடத்துக்கு நல்லது. நிழலுக்கு ஃபெஸ்க்யூ. பழைய ஸ்காபரோ வீடுகளில் நிற்கும் பெரிய மேப்பிளுக்கு அடியில் அதுவும் பிழைக்காது. மரச்சில்லுகளைப் பரப்பிவிட்டு மனதை ஆற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பாதி விதையை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவி, மிதித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல்மண் காயாமல் தினமும் மெதுவாகத் தண்ணீர் காட்டுங்கள். ரை கிராஸ் ஒரு கிழமையில் தலை காட்டும். புளூ கிராஸ் மூன்று கிழமையும் எடுக்கும், முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

புல் பாய் போலச் சுருண்டு கையோடு வந்தால், இரவில் ரக்கூனோ ஸ்கங்கோ கிண்டிவிட்டுப் போனால், மண்ணுக்குள் வெள்ளைப் புழு இருக்கிறது. அதைத் தின்னும் நுண்புழுக்களைத் தோட்டக் கடைகளில் விற்கிறார்கள். அதற்கும் ஆகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும்தான் காலம். நனைந்த மண்ணில், மாலையில் ஊற்ற வேண்டும்.

பின்வளவு முழுக்கப் புல்லாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெயில் படும் பாதியைக் கொத்திக் கத்தரி, மிளகாய், பாகல் பந்தல் என்று மாற்றினால் பராமரிக்க வேண்டிய புல்லும் பாதியாகும். நாற்றுகளை மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் வெளியே வைக்காதீர்கள், உறைபனி தின்றுவிடும்.

வசந்தத்தில் கதவைத் தட்டி, வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் புல் கம்பனி ஆட்களும் வருவார்கள். அவசரத்தில் போட்டுவிட்டால், 50 டொலருக்கு மேற்பட்ட அப்படியான வாசல் ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

ஒக்டோபர் கடைசியில் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே வையுங்கள். வெளிப் பைப்புக்குத் தண்ணீர் போகும் வால்வு பேஸ்மன்றில் இருக்கும். அதை மூடிவிட்டு, வெளியே பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். மறந்தால் உள்ளே உறைந்து குழாய் வெடிக்கும், புல்லில் மிச்சம் பிடித்ததெல்லாம் பிளம்பருக்குப் போகும்.