டிஜிட்டல் ஓட்டுநர் உரிமத்துடன் ஜப்பானில் கார் வாடகைக்கு எடுப்பது எப்படி?

ஹொக்கைடோ தீவை ஒரு வாரம் காரில் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டுச் சென்ற என் முதல் ஜப்பான் பயணம், நியூ சிட்டோசே விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுண்டரிலேயே திசைமாறிப் போயிற்று. பாஸ்போர்ட்டும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் கையில் இருந்தன. ஓட்டுநர் உரிமம் மட்டும் இந்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருந்தது. அதன் அசல் அட்டை திருச்சியில், வீட்டு பீரோவில் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என் கைப்பேசித் திரையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இரு கைகளாலும் அதைத் திருப்பிக் கொடுத்து, அட்டை இல்லாமல் காரைத் தர இயலாது என்றார். அந்த வாரம் ரயிலிலும் பேருந்திலும் கழிந்தது. அடுத்த பயணத்தில் காரை எடுத்துவிட்டேன் என்றாலும், அப்போதும் வேறொரு சிக்கலில் நாற்பது நிமிடங்கள் நின்றேன். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டிஜிலாக்கரிலும் அரசின் போக்குவரத்துச் செயலியான எம்பரிவாகனிலும் உள்ள உரிமம், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இந்தியாவுக்குள் அசலுக்கு இணையானது. ஆனால் வெளிநாட்டில் நம்மை ஓட்ட அனுமதிப்பது அந்த விதி அன்று. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே ஆகும். அதன்படி வழங்கப்படும் அனுமதி ஒரு காகிதப் புத்தகம். ஜப்பான் 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால், 1949-இன்படி வழங்கப்பட்ட புத்தகத்தை மட்டுமே ஏற்கிறது. இந்தியாவும் 1949 உடன்படிக்கையில் இருப்பதால் நமக்குத் தடை இல்லை. அப்படியானால் டிஜிட்டல் உரிமத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். புறப்படுவதற்கு முன் அதைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை.

படி 1: நான்கு பெயர்களை ஒப்பிடுங்கள்

என்னை நாற்பது நிமிடங்கள் நிறுத்தியது இதுதான் என்பதால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன். தமிழர்களாகிய நாம் பெயரோடு தந்தையின் தலைப்பெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். உரிமத்தில் ‘அறிவழகன் மா’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டியிருப்பதால் ‘அறிவழகன் மாணிக்கம்’ என்றிருக்கும். ஆதாரில் இந்த இரண்டில் ஒன்றோ, எழுத்துக்கூட்டல் மாறிய மூன்றாவது ஒன்றோ இருக்கும். கிரெடிட் கார்டில் வங்கி அச்சிட்ட பெயர் தனி. நம் ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஜப்பானியக் கவுண்டரிலோ, ஊழியர் பாஸ்போர்ட்டையும் அனுமதிப் புத்தகத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே பேனா முனையை நகர்த்திப் பார்த்தார். ஒற்றை எழுத்தில் பேனா நின்றது. அந்த எழுத்து என் தந்தை பெயரின் முதலெழுத்து என்று நான் விளக்கியும், மேலாளர் வந்து, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்த தந்தை பெயரைக் கண்ட பிறகே பேனா நகர்ந்தது. உங்களுக்கு வாய்க்கும் மேலாளரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

டிஜிலாக்கரில் உரிமத்தை இறக்கும்போது, ஆதார்ப் பெயரோடு பொருந்தவில்லை என்று பிழைச் செய்தி வந்தால் பலர் எரிச்சலடைகிறார்கள். அதை நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிழை வராவிட்டாலும், பாஸ்போர்ட், உரிமம், ஆதார், கிரெடிட் கார்டு ஆகிய நான்கையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

படி 2: உரிமத்தில் பெயரைத் திருத்துங்கள்

பொருந்தவில்லை என்றால், பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்து உரிமத்தைத் திருத்துவதே சரி. அரசின் பரிவாகன் போக்குவரத்துச் சேவையின் சாரதி இணையதளத்தில் உரிமத்தில் பெயர் மாற்றத்துக்கான சேவை உள்ளது. பன்னாட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்து, புதிய அட்டை கைக்கு வரும்வரை காத்திருங்கள். எனக்கு உரிமத்தில் இருந்த பெயரே அனுமதியிலும் அப்படியே இறங்கியது. எனவே வரிசையை மாற்றினால் பிழையும் உடன் வந்துவிடும்.

படி 3: பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

சாரதி தளத்தில் விண்ணப்பித்து, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெற வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் மத்திய விதிகளின்படி 1,000 ரூபாய். 2021 ஜனவரி அறிவிப்புக்குப் பிறகு மருத்துவச் சான்றும் விசாவும் கட்டாயமில்லை. அனுமதியை உரிமத்தோடு இணைக்கும் க்யூஆர் குறியீடு 2022 ஆகஸ்ட் அறிவிப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதி ஓராண்டுக்கோ, உரிமம் காலாவதியாகும் வரையோ, எது முந்தியதோ அதுவரை செல்லும் என்பதால், மிக முன்கூட்டியே வாங்கி வீணாக்க வேண்டாம். கையில் வாங்கியதும் புத்தகத்தின் மேலட்டையில் 1949 செப்டம்பர் 19 என்ற உடன்படிக்கைத் தேதி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

சில இணையதளங்கள் சில நிமிடங்களில் ‘டிஜிட்டல் பன்னாட்டு உரிமம்’ தருவதாக விற்கின்றன. அரசின் அதிகாரம் இல்லாத அந்த அட்டைகளுக்கு ஜப்பானில் எந்த மதிப்பும் இல்லை. அதை வைத்து ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றமே சேரும். தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 4: கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

உரிமத்தைக் காட்ட எம்பரிவாகனைவிட டிஜிலாக்கரையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அதிலிருந்து இறக்கும் பி.டி.எஃப். கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கலாம். டிஜிலாக்கரில் நுழைய இந்திய எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், ரோமிங் இல்லாத சிம்முக்கு அது ஜப்பானில் வந்து சேராது. ஆகவே ஊரிலேயே கோப்பை இறக்கி, கைப்பேசியில் ஒரு பிரதியும் மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவின்போது உரிம எண்ணைப் பதிவேற்றச் சொன்னாலும், அட்டை தொலைந்தாலும் இதுவே கைகொடுக்கும். காரை எடுப்பதற்கு மட்டும் இதை நம்பாதீர்கள்.

படி 5: கவுண்டரில்

பாஸ்போர்ட், அனுமதிப் புத்தகம், அசல் உரிம அட்டை, ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு என்று நான்கையும் ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். அவற்றை மூட்டைக்குள் அல்லாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உடன் வந்தால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். காப்பீடு இருந்தாலும், விபத்தால் கார் வேலையின்றி நிற்கும் நாட்களுக்காக ‘என்.ஓ.சி.’ என்ற தனிக் கட்டணம் உண்டு. அதையும் நீக்கும் கூடுதல் காப்பீட்டை நான் எடுத்துவிடுகிறேன். மனநிம்மதிக்கு அந்தத் தொகை தகும்.

ஜப்பானிலும் நம்மைப் போல இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் சாலை விரைவில் பழகிவிடும். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தில் ‘தொமாரே’ என்று எழுதியிருந்தால், எதிரில் யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். காரைத் திருப்பித் தரும்முன் பெட்ரோல் நிரப்பும்போது சிவப்புக் குழாய் சாதாரணப் பெட்ரோல், மஞ்சள் உயர்ரகப் பெட்ரோல், பச்சை டீசல். நம் ஊர் வண்ணப் பழக்கத்தை நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: வெளிநாட்டில் இருக்கும்போதே அனுமதி காலாவதியாகிவிட்டால் என்ன செய்வது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 2021 ஜனவரி அறிவிப்பின்படி, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவே மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜப்பானில் வந்திறங்கிய நாளிலிருந்து ஓராண்டு வரையே இந்த அனுமதியுடன் ஓட்டலாம். அதற்கு மேல் தங்குபவர்கள் இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஜப்பானியர்களே உரிமத்தைக் கைப்பேசிக்கு மாற்றிவிட்டார்களே’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 2025 மார்ச் 24 முதல் அவர்கள் நம் ஆதார் போன்ற தங்கள் மை நம்பர் அடையாள அட்டையில் உரிமத்தை இணைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. அதுவும் கைப்பேசித் திரை அன்று, ஓர் அட்டையே. வெளிநாட்டில் ஓட்டவிருக்கும் ஜப்பானியர்களும் வழக்கமான உரிம அட்டையை விட்டுவிடாமல் உடன் வைத்திருக்கவே அறிவுறுத்தப்படுகிறார்கள்.