எச்.ஐ.வி.யும் நம் ஆர்.என்.ஏ. புரதங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.ஐ.வி. பற்றி எழுதுபவர்கள் "வைரஸுக்கு உதவும் புரதம்", "வைரஸை எதிர்க்கும் புரதம்" என்று இரண்டு பட்டியல் போட்டுவிடுவது வழக்கம். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் ஆர்.என்.ஏ.வை வெட்டி, ஒட்டி, உட்கருவிலிருந்து வெளியே அனுப்பும் புரதங்களுக்கு இந்தப் பட்டியல் அநேகமாகப் பொருந்துவதே இல்லை.

வைரஸின் கையிருப்பு மிகக் குறைவு. எச்.ஐ.வி.-1 இன் மரபுத்தொகுதி சுமார் 9,700 எழுத்துகள், மரபணுக்கள் ஒன்பது, சொந்த நொதிகள் மூன்று. அந்த மூன்றில் எதற்கும் ஸ்பிளைசிங், அதாவது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலை, தெரியாது. வைரஸ் நம் டி.என்.ஏ.வுக்குள் புகுந்தபின் அங்கிருந்து ஒரே ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அதை நம் செல்லின் புரதங்களே பலவிதமாக வெட்டி ஒட்டுவதால் 40-க்கும் மேற்பட்ட தூது ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன.

"அப்படியானால் ஸ்பிளைசிங் கூடக்கூட வைரஸுக்கு லாபம்தானே?" பலர் சறுக்குவது இங்கேதான். வைரஸின் டாட், ரெவ், நெஃப் புரதங்களைச் செய்ய முழுதாக வெட்டி ஒட்டிய ஆர்.என்.ஏ. வேண்டும். உறைப் புரதத்துக்குப் பாதி வெட்டியது போதும். புதிய வைரஸுக்குள் மரபுப்பொருளாகப் போகவேண்டியதோ வெட்டே படாத முழு நீளம். மூன்றும் வேண்டும் என்பதால் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் வெட்டுமிடங்கள் பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கின்றன. நம் செல்லின் எஸ்.ஆர். வகைப் புரதங்கள் வெட்டைத் தூண்டுகின்றன, எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 போன்றவை தடுக்கின்றன. எந்தப் பக்கம் மிகுந்தாலும் வைரஸ் உற்பத்தி அடிவாங்கும். ஆகவே "இந்தப் புரதத்தைக் குறைத்தோம், வைரஸ் குறைந்தது" என்ற ஒரு வரியை நம்பி முத்திரை குத்தாதீர்கள். 2008-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, தலைக்கு 200-க்கும் மேற்பட்ட "தேவையான" மரபணுக்களைப் பட்டியலிட்டன. மூன்று பட்டியலிலும் இடம்பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

இன்னொரு அவசர முடிவு, செல்லின் புரதத்தையே அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது. வெட்டாத ஆர்.என்.ஏ.வை உட்கரு லேசில் வெளியே விடாது. ரெவ் புரதம் அதில் ஒட்டிக்கொண்டு, சி.ஆர்.எம்.1 என்ற நம் ஏற்றுமதிப் புரதத்தின் துணையோடு அதை வெளியே கொண்டுவருகிறது. சி.ஆர்.எம்.1-ஐ நம்பியிருப்பது வைரஸ் மட்டுமல்ல, நம் புரதங்கள் ஏராளம். அதைத் தடுக்கும் லெப்டோமைசின் பி புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டது. அதே இலக்கைக் கொண்ட செலினெக்ஸர் 2019-ல் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குமட்டலும் ரத்தத் தட்டணுக் குறைவும் கூடவே வரும். புற்றுநோயில் இதைச் சகித்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி.க்காக ஆயுள் முழுக்க மருந்து எடுப்பவருக்குக் கட்டுப்படியாகுமா?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் தவறும் உண்டு. அதில் அடிக்கடி மாட்டுவது டி.டி.பி.-43 என்ற நம் புரதம். 1995-ல் இது எச்.ஐ.வி.யின் 'டார்' பகுதி டி.என்.ஏ.வில் ஒட்டும் புரதமாக அறிமுகமாகி, அந்தப் பெயரையே பெற்றது. 2006-ல் ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோயில் செல்களுக்குள் திரண்டு கிடப்பது இதுவே என்று தெரியவந்தது. உடனே எச்.ஐ.வி.க்கும் ஏ.எல்.எஸ்.ஸுக்கும் இதுவே பாலம் என்று எழுதத் தோன்றும். ஆனால் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மனித நோயெதிர்ப்பு செல்களில் டி.டி.பி.-43-ஐக் கூட்டினாலும் குறைத்தாலும் எச்.ஐ.வி. பெருக்கத்தில் மாற்றம் தெரியவில்லை. இதன் முக்கிய வேலை, நம் சொந்த ஆர்.என்.ஏ.வில் தேவையற்ற துண்டுகள் ஒட்டப்படாமல் காப்பது. அது உட்கருவை விட்டு விலகிவிட்டால், நரம்பு இழை மீண்டும் வளரத் தேவையான ஸ்டாத்மின்-2 ஆர்.என்.ஏ. பாதியிலேயே துண்டிக்கப்பட்டுவிடுகிறது.

மேலே சொன்ன எச்.என்.ஆர்.என்.பி. ஏ1-க்கு வருவோம். முதுகெலும்புத் தசைச் சிதைவு நோயில் எஸ்.எம்.என்.1 மரபணு செயலிழக்கிறது. அதன் இரட்டையான எஸ்.எம்.என்.2 இருந்தும் பெரிதாகப் பயனில்லை. வெட்டி ஒட்டும்போது அதன் ஏழாவது எக்ஸான் (இறுதி ஆர்.என்.ஏ.வில் இருக்கவேண்டிய துண்டு) பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 2016-ல் வந்த நுசினெர்சன் என்ற மருந்து, இந்த ஏ1 உட்காரும் இடத்தை மறைத்து, அந்த எக்ஸானைச் சேர்க்கவைக்கிறது. இதே ஏ1-இல் வரும் சில மரபணுப் பிறழ்வுகள் அரிய தசை, நரம்பு நோய்களை உண்டாக்குகின்றன. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

எல்லாச் செல்களுக்கும் தேவையான புரதம் கெட்டால் எல்லா உறுப்பும் கெடும் என்ற ஊகமும் வேண்டாம். பி.ஆர்.பி.எஃப்.31 என்ற புரதம் உடலெங்கும் ஸ்பிளைசிங் செய்கிறது. அதில் வரும் பிறழ்வு பறிப்பதோ கண் பார்வையை.

கடைசியாக, ஆண்டுக்கு இரண்டு ஊசி போதும் என்பதால் பேசப்படும் எச்.ஐ.வி. மருந்தான லெனகாபவிர். 2022-ல் சிகிச்சைக்கும், 2025 ஜூனில் தடுப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சி.பி.எஸ்.எஃப்.6 என்ற நம் புரதம் ஆர்.என்.ஏ.வின் வால் முனையைச் சீராக்குவது. அதே புரதம் எச்.ஐ.வி.யின் கூம்பு வடிவக் கூட்டில் ஒட்டிக்கொண்டு அதை உட்கருவின் ஆழத்துக்கு இட்டுச்செல்கிறது. அது ஒட்டும் அதே குழியில்தான் லெனகாபவிரும் அமர்கிறது. இதை வைத்து "சி.பி.எஸ்.எஃப்.6-ஐ முடக்கும் மருந்து" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குழி இருப்பது வைரஸின் கூட்டில். நம் புரதத்தை மருந்து தொடுவதில்லை.