கொக்கோ உருண்டை: நம்ம வெயிலுக்கு ஒரு பக்குவம்

முதல் தடவை நான் செய்தது உருண்டையே இல்லை, சேறு. கைப்பேசியில் பார்த்தபடி வேர்க்கடலை பட்டர், கொக்கோ, தேங்காய் எண்ணெய் மூன்றையும் கலந்து உருட்டி ஐஸ்பெட்டியில் வைத்தேன். கல்லு மாதிரி இறுகியது. மகன் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது எட்டு உருண்டையை டப்பாவில் போட்டு மோட்டார் கூடையில் வைத்துவிட்டேன். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் வீட்டிலிருந்து அவன் வேலை செய்யும் செம்பனை ஆலைக்கு இருபது நிமிஷம்தான். போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்பினான்: "அம்மா, கரண்டி வைக்க மறந்துட்டீங்க."

தேங்காய் எண்ணெய் 25 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நம் அடுப்படியில் அது உறைந்து யார் பார்த்தது? தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்காமல் போனதுதான் வெட்கம். குளிர்நாட்டில் எண்ணெய் இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்தப் பிடிப்பைப் பேரீச்சம்பழமும் மாவும்தான் தரவேண்டும். அது புரிந்த பிறகு ஒரு தடவைகூட உருகவில்லை.

சாமான் இவ்வளவுதான்: பொட்டுக்கடலை 150 கிராம், வறுத்த வேர்க்கடலை 150, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 200, பால்மாவு 60, இனிப்பில்லாத கொக்கோ பவுடர் 30, உப்பு ஒரு சிட்டிகை. 25 கிராம் உருண்டையாக 24 வரும். தராசு இல்லாதவர்கள் சின்ன எலுமிச்சங்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலையில்தான் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் மளிகைக்கடை மூட்டையில் கிடக்கும் கடலை சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கருத்தது, சுருங்கியது, கசப்பது எதுவாக இருந்தாலும் வீசிவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூசண விஷம் வறுப்பதால் முழுசாகப் போகாது. நான் பச்சைக் கடலை வாங்கி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுத்து, துணியில் தேய்த்துத் தோலைப் புடைத்து எடுக்கிறேன். அடுப்பே மூட்ட விருப்பமில்லை என்றால் வறுத்ததாகவே வாங்கலாம். உப்பு போட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே வறுபட்டது, அப்படியே சாப்பிடலாம். அது தீர்ந்துபோனால் கோதுமை மாவைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், வயிற்றுக்கு ஆகாது. ஓட்ஸைப் பொடித்துப் போடலாம்; அதை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள்.

கொக்கோவுக்குப் பதில் மைலோ போடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் சீனியும் மால்ட்டும் சேர்ந்தே இருப்பதால் உருண்டை பிசுபிசுக்கும், சாக்லேட் கசப்பும் வராது. எனக்கு அந்தக் கசப்பு வேண்டும். சின்ன வயதில் பாகான் டத்தோ பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் தென்னைக்கு அடியில் கொக்கோ நட்டிருந்தார்கள். அம்மா பாராங் கத்தியைத் திருப்பிப் பிடித்துக் காயைத் தட்டிப் பிளப்பார். உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. நாங்கள் உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்பினால், "எடைக்குப் போறதுடா, பொறுக்கு" என்று தலையில் ஒன்று வைப்பார். அதைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் சாக்லேட் வாசனையே வரும் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்! எங்களுக்கு அது கசப்புக் கொட்டை, அவ்வளவுதான்.

பேரீச்சம்பழத்தைச் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு நன்றாகப் பிழியுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டவேண்டாம்.

மிக்சியில் வேர்க்கடலையை விட்டுவிட்டு ஓட்டுங்கள். முதலில் ரவை போல ஆகும், பிறகு ஓரத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஓட்டினால் எண்ணெய் விட்டுக் குழம்பாகிவிடும், திரும்பவும் கரண்டிக் கதைதான். இப்போது பழத்தைப் போட்டு ஒரு சுற்று. பாத்திரத்தில் கொட்டி, கொக்கோ, பால்மாவு, பொட்டுக்கடலை மாவு, உப்பு மூன்று நான்கு தடவையாகச் சேர்த்துக் கையால் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். விரல் பதிந்த தடம் அப்படியே நின்றால் பதம். உதிர்ந்தால் அந்தப் பேரீச்சந் தண்ணீர் ஒரு தேக்கரண்டி, போதாவிட்டால் இன்னொன்று. ஊற்றக்கூடாது, தெளிக்கவேண்டும். மேலே எண்ணெய் மினுக்கினால் பிசைந்தது போதும்.

உருட்டி, கொக்கோப் பொடியிலோ காய்ந்த தேங்காய்த் துருவலிலோ புரட்டி ஒரு மணி நேரம் ஐஸ்பெட்டியில் வையுங்கள். பச்சைத் தேங்காய்ப்பூ வேண்டாம், மறுநாளே ஊசிப்போகும்.

மேலே சாக்லேட் முலாம் பூசவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: நல்ல சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், மத்தியான வெயிலில் நிறுத்திய மோட்டாரில் அது தாங்காது. கேக் சாமான் கடையில் கம்பவுண்ட் சாக்லேட் கேளுங்கள். பெரும்பாலும் அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் செம்பனைக் கொட்டை எண்ணெய்தான் இருக்கும், மகன் ஆலையிலிருந்து போகிற கொட்டையோ என்னவோ. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் திரிதிரியாகிக் கெட்டிப்படும்.

புரதக் கணக்கைக் கேட்டான் மகன். கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் 90 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஆக உருண்டைக்கு 4 கிராம் போல. மூன்று சாப்பிட்டால் இரண்டு முட்டை. ஜிம்மில் அவன் எட்டு வெள்ளி கொடுத்து வாங்குகிற புரத பாரில் 20 கிராம் போட்டிருக்கிறது. அதோடு இது போட்டி போடாது, பொய் சொல்லமாட்டேன். பால்மாவுக்குப் பதில் அவனுடைய வே பவுடரை, அதாவது பால் புரதப் பொடியைப் போட்டால் 5 கிராம் ஆகும், ஆனால் அது கையில் பசை மாதிரி ஒட்டும். என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி, பேரீச்சம்பழமும் சர்க்கரைதான், அதனால் அவருக்கு ஒன்றோடு சரி.

நான் பதினொரு வருஷம் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். சின்னதுகளுக்கு உருண்டையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். தட்டையாகத் தட்டி, கிள்ளிக் கொடுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இது ஆகவே ஆகாது.

ஐஸ்பெட்டியில் ஒரு வாரம் வைக்கிறேன். பால்மாவு டின் காலியானதும் கழுவி நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். அடுக்குக்கு நடுவில் ஒரு காகிதம் வைத்தால் 24-ம் அதிலேயே அடங்கும்.