கைவந்த வேலையை ஆண்டவரிடம் கொடுப்பது எப்படி

தெரியாத காரியத்துக்கு ஜெபிக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஜெபிப்போம், பையனுக்குப் பரீட்சை என்றால் உபவாசம் இருப்போம், போர்வெல் வண்டி 700 அடி தாண்டியும் வெறும் புழுதியைத்தான் கக்குகிறது என்றால் காட்டிலேயே முழங்கால் போட்டுவிடுவோம். ஜெபம் விட்டுப்போவது 20 வருஷமாகச் செய்து செய்து பழகிப்போன வேலையில்தான். ஆண்டவரைச் சார்ந்து வாழ வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறவர்கள் அங்கேயே ஆரம்பிக்க வேண்டும் என்பதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

திருப்பூரில் எங்களுடையது சின்ன யூனிட். கட்டிங் டேபிள் ஒன்று, ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று பதினோரு மெஷின். ஒருநாள் சாயங்காலம் நீலத் துணி வந்து இறங்கியது, மறுநாளே தைத்துக் கொடுக்க வேண்டிய ஆர்டர். ரோலைப் பிரித்த கட்டிங் மாஸ்டர், "அண்ணா, லாட் நம்பர் ரெண்டு இருக்குதுங்க, காலைல வெயில்ல வெச்சுப் பாத்துட்டு வெட்டலாங்களா?" என்று கேட்டார். லாட் என்பது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி, லாட் மாறினால் நிறமும் லேசாக மாறலாம். நான் டியூப் லைட்டுக்கு அடியில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், விரலால் தேய்த்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே நீலம்தான், வெட்டுங்க என்று சொல்லிவிட்டேன். காலையில் தைத்து முடித்த முதல் கட்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்தால், உடம்பு ஒரு நீலம், கை வேறொரு நீலம். அதற்குள் எல்லா ரோலும் வெட்டியாகிவிட்டது. கூலியும் போயிற்று, துணிக்கான காசும் என் தலையில்.

அன்று ராத்திரி யோசுவா 9ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. கிபியோன் ஊர்க்காரர்கள் பழைய சாக்கு, பொத்தல் தைத்த தோல் துருத்தி, பூசணம் பிடித்த அப்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்று வந்து நிற்கிறார்கள். இஸ்ரவேலர் அப்பத்தை வாங்கிப் பார்க்கிறார்கள், உடன்படிக்கை செய்துவிடுகிறார்கள், மூன்று நாளில் உண்மை தெரிந்துவிடுகிறது. 14ஆம் வசனம் காரணத்தை நேராகச் சொல்கிறது: கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. எரிகோ மதிலுக்கு முன்னால் அவர் சொன்னபடி ஏழு நாள் சுற்றிய அதே ஜனங்கள்தான். மதில் பெரிதாக இருந்ததால் கேட்டார்கள், அப்பம் சின்ன விஷயமாகத் தெரிந்ததால் கேட்கவில்லை. எனக்கு டியூப் லைட் ஞாபகம்தான் வந்தது.

சரி, என்ன செய்வது? காலையில் ஷட்டரைத் தூக்கி மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன், வேலை செய்யும் மேஜைமேல் கையை வைத்து நில்லுங்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தால் வகுப்பு வாசலில், தறி ஓட்டுகிறவராக இருந்தால் தறிக்குப் பக்கத்தில். அன்றைக்கு எந்த வேலை உங்களுக்கு மிகச் சுலபமோ அதன் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், நீர் இல்லாமல் எனக்கு இது வராது, கூட இரும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரை நிமிஷம் போதும். பொதுவாக "என் வேலையை ஆசீர்வதியும்" என்று முடித்துவிடாதீர்கள், பெயர் சொல்ல வேண்டும். முதல் வாரம் வாய் கூசும். பெருமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தக் கூச்சமே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, உங்களைவிட அனுபவம் குறைந்த ஒருவரிடம் தினமும் ஒரு கேள்வியாவது கேளுங்கள், கேட்டுவிட்டு நின்று பதிலையும் கேளுங்கள். கட்டிங் மாஸ்டர் வாய் வழியாக ஆண்டவர் என்னை எச்சரித்தார் என்றே நான் இன்றைக்கும் நம்புகிறேன். மனுஷர் சொல்வதைக் கேட்கிற பொறுமை இல்லாத எனக்குத் தேவன் சொல்வது மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்?

இப்படி ஆண்டவரைச் சார்ந்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நெகேமியா 4:9ஐக் காட்டுங்கள். அங்கே எருசலேம் மதிலைக் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். காங்கேயம் பக்கத்தில் என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஒரு கொறங்காடு, மாடு மேய்க்கிற மானாவாரிக் காடு, இருந்தது. கொழுக்கட்டைப் புல், நாலைந்து வெள்வேலம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை பெய்தால்தான் புல், புல் இருந்தால்தான் மாடு. கிணற்றுப் பாசனம் மாதிரி நாமே மடை திருப்பி விட முடியாது. ஆனால் அவர் வேலியை ஒரு வருஷம்கூட அடைக்காமல் விட்டதில்லை. உபாகமம் 11இல் எகிப்தையும் கானானையும் ஒப்பிடும் இடம் எனக்கு அந்தக் காட்டை வைத்துத்தான் புரிந்தது: எகிப்தில் கீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போலக் காலால் தண்ணீர் பாய்ச்சினார்கள், கொடுக்கப்போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம். ஆக, இப்போதெல்லாம் வெயிலில் ஷேடு பார்க்காமல் நான் துணி வெட்டுவதில்லை. அது என் வேலி.

பயமுறுத்தும் காகிதம் ஏதாவது வந்தால், வங்கிக் கடிதமோ வரி நோட்டீஸோ, போனை எடுத்து நாலு பேரிடம் பேசுவதற்கு முன் எசேக்கியா ராஜா செய்ததைச் செய்யுங்கள் (2 இராஜாக்கள் 19:14). அவர் அசீரியர் கொடுத்த நிருபத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். நீங்களும் மடிப்பைப் பிரித்துக் கட்டில்மேல் விரித்து வைத்து ஜெபியுங்கள். அப்புறம் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்துங்கள். ஷிப்மென்ட் நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

காரியம் கைகூடி வந்தபிறகு இன்னும் கவனம் வேண்டும். நம்ம பக்கம் "சொந்தக் கையில மேல வந்தவன்" என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்கள்கூடச் சாயம் ஏறாத துணியை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். கெட்டிக்காரத்தனம் குறைந்ததாலா? என் சாமர்த்தியமும் என் கைபலமும் சம்பாதித்தது என்று சொல்லாதே, சம்பாதிக்கிற பலத்தைக் கொடுக்கிறவர் அவரே என்று உபாகமம் 8:17, 18 சொல்கிறது. சபையில் சாட்சி சொல்லும்போதும் இதை வைத்துப் பாருங்கள். "ஆண்டவர் செய்தார்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் நம் திறமையையே சொல்லிவிட்டு "ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம், நானும் அப்படிச் செய்திருக்கிறேன், அது எனக்கு வருத்தம். யார் உதவினார்கள், எங்கே நான் தவறினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சாட்சி சாட்சியாக இருக்கும்.

இப்படி ஜெபித்தும் ஆர்டர் கைவிட்டுப் போன மாசங்கள் உண்டு. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டியும் அது எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்த மாசங்களில் பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வரவில்லை. மேஜைமேல் கையை மட்டும் வைத்து நின்றேன்.

நடுவில் நாலு நாள் மறந்துபோகும், போகட்டும். மெஷின் ஓட ஆரம்பித்தபிறகு ஞாபகம் வந்தால், நூல் கோன் மாற்ற நிறுத்துகிற அந்த இடைவெளியிலேயே சொல்லிவிட்டு மிதியை அழுத்துங்கள்.